கைப்பேசியில் ஸ்ட்ரீமிங்: முழுக்கோப்பா, துண்டுகளா, உடனடி ஓட்டமா?

கைப்பேசிக்கு ஒலியையும் காணொளியையும் கொண்டுசேர்க்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒரே கோப்பை இறக்கிக்கொண்டே இயக்குவது முதல் வழி; சிறு துண்டுகளாகப் பிரித்து, இணைய வேகத்துக்கு ஏற்ற தரத்தில் பெறுவது இரண்டாவது; எதையும் சேமித்து வைக்காமல் உடனுக்குடன் அனுப்புவது மூன்றாவது. நல்ல வைஃபை இருக்கும்போது மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். சிக்னல் சரியும் நேரத்தில் எது எப்படி நடந்துகொள்கிறது என்பதையே இங்கு முதன்மை அளவுகோலாகக் கொள்கிறேன்.

முதல் வழிக்குச் சாதாரண வெப் சர்வரே போதும். நடுவிலிருந்து கேட்க விரும்பினாலும், கோப்பின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் கேட்டுப் பெற, வெப் சர்வரோடு பேசும் நெறிமுறையான எச்.டி.டி.பி. இடம் தருகிறது. எம்பி4 கோப்பில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு: எந்தக் காட்சி கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையைப் பல கருவிகள் கோப்பின் கடைசியில் எழுதுகின்றன, அதை முன்னால் நகர்த்தாவிட்டால் காணொளி தொடங்கவே தாமதமாகும். நொடிக்கு 128 கிலோபிட் வேகத்திலான ஒலி மணிக்கு ஏறத்தாழ 58 மெகாபைட்தான் என்பதால் பாட்காஸ்டுக்கு இதைவிடச் சிக்கலான ஏற்பாடு தேவையில்லை. நொடிக்கு 2 மெகாபிட் காணொளியோ மணிக்கு 900 மெகாபைட்டை எட்டுகிறது; இணைய வேகம் அதற்குக் கீழே சரிந்தால், தரத்தைக் குறைத்துக்கொள்ள இந்த முறையில் வழியே இல்லாததால், படம் நின்றுவிடும்.

அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே பிறந்தது துண்டு முறை. ஒரே காணொளியைப் பல தரங்களில் தயாரித்து, ஒவ்வொன்றையும் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, அவற்றின் பட்டியலையும் சர்வரில் வைக்கிறார்கள். முந்தைய துண்டுகள் வந்த வேகத்தையும் கையிருப்பில் உள்ள நொடிகளையும் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று கைப்பேசியில் உள்ள பிளேயரே முடிவு செய்கிறது. இந்த முடிவு சர்வரிடம் இல்லாமல் பிளேயரிடம் இருப்பதுதான் இம்முறையின் உண்மையான வலிமை என்று கருதுகிறேன், ஏனெனில் சிக்னலின் நிலையை உடனே உணரக்கூடிய இடம் கைப்பேசிதான். துண்டுகளைக் கொத்தாக இறக்கிவிட்டுச் சற்று ஓய்வதால், கைப்பேசியின் ரேடியோவும் இடையிடையே உறங்க முடிகிறது; பேட்டரிக்கு அது நல்லது.

இதற்குள்ளேயே இரு போட்டியாளர்கள் உள்ளனர். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். ஐபோனில் இயல்பாகவே இயங்கும்; 2012-இல் பன்னாட்டுத் தரமாக வெளியான டேஷ், எந்த ஒரு நிறுவனத்துக்கும் கோடெக்குக்கும் (ஒலியையும் காணொளியையும் சுருக்கி விரிக்கும் முறை) கட்டுப்படாதது. ஆண்ட்ராய்டுக்கான எக்ஸோபிளேயர் என்ற பிளேயர் இரண்டையும் ஏற்கிறது. முன்பு இரண்டுக்கும் தனித்தனியே துண்டுகள் தயாரிக்க வேண்டியிருந்தது. சிமாஃப் என்ற பொது வடிவம் வந்தபின் அதே துண்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு பட்டியல்களை மட்டும் எழுதினால் போதும். ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியுமென்றால் எச்.எல்.எஸ். என்பேன், ஐபோன் பயனரைக் கைவிட வேண்டியிராது.

கோடெக் தேர்வும் இங்கே குறுக்கிடுகிறது. ஏவி1 என்ற புதிய கோடெக் குறைந்த டேட்டாவில் நல்ல படம் தரும் என்றாலும், அதை விரிக்கும் தனி வன்பொருள் (டிகோடர்) இல்லாத கைப்பேசியில் சிபியு சூடாகிப் பேட்டரி கரையும், எனவே பரவலாக இயங்கும் பழைய கோடெக்கான எச்.264 வடிவத்தையும் உடன் வைத்திருப்பதே பாதுகாப்பு.

துண்டு முறையின் விலை தாமதம். ஆறு நொடித் துண்டுகள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்ட பிறகே பிளேயர் தொடங்குவதால், நேரலை இருபது நொடிக்கும் மேல் பின்தங்கக்கூடும். துண்டையும் கூறுகளாக்கி அனுப்பும் குறைதாமத எச்.எல்.எஸ். அதைச் சில நொடிகளுக்குச் சுருக்குகிறது. விளையாட்டு நேரலைக்கு அது போதுமானது. பேசுபவருக்கு மறுமுனையில் உடனே பதில் கிடைக்க வேண்டிய உரையாடலுக்கு அதுவும் உதவாது. அங்கே மூன்றாவது வழியான உடனடி ஓட்டத்துக்குரிய வெப்ஆர்டிசி என்ற நுட்பம் ஒன்றே பொருந்தும்: பொதுவாக, தரவு போய்ச்சேர்ந்ததா என்று உறுதி கேட்காத யு.டி.பி. நெறிமுறை வழியே செல்லும் அது, தொலைந்த தரவுக்காக நெடுநேரம் காத்திராமல் மேலே நகர்வதால் தாமதத்தை ஒரு நொடிக்கும் கீழே வைத்திருக்கிறது. சிக்னல் சரிந்தால் படம் சிதறும், ஆனாலும் பேச்சு தொடரும். பதிவு செய்த காணொளியைப் பரப்ப அதைப் பயன்படுத்துவது வீண்செலவே, ஏனெனில் எச்.டி.டி.பி. துண்டுகளைப்போல அந்த ஓட்டத்தை இடைநிலைச் சர்வர்களில் சேமித்து மீண்டும் மீண்டும் வழங்க இயலாது.