மாங்டனா, சேந்த் ஆனா?

கனடாவின் கிழக்குக் கரையில் வாழ்ந்த அக்காடியர்களை, அதாவது அங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்களை, 1755 முதல் பிரிட்டிஷார் வீடுவாசலைப் பிடுங்கிக்கொண்டு நாடு கடத்தினார்கள். தப்பியவர்கள், திரும்பி வந்தவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே பிரெஞ்சு பேசுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் பள்ளி முடித்து, பிரெஞ்சிலேயே பட்டம் படிக்க எங்கே போவது?

நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மாங்டன் பல்கலைக்கழகம்தான் பெரியது. 1963இல் தொடங்கியது, மூன்று வளாகங்கள். சட்டம் படிக்க ஆசையா? யோசிக்கவே வேண்டாம், இங்கேதான். இங்கிலாந்து வழிவந்த பொதுச் சட்டத்தை (காமன் லா) 1978 முதல் முழுக்கப் பிரெஞ்சில் கற்பிக்கிறார்கள். ஒரு வலி மட்டும் உண்டு: ஊரின் பெயரே 1755இல் அந்த மண்ணில் படை நடத்திய பிரிட்டிஷ் தளபதி ராபர்ட் மாங்டனுடையது.

சேந்த் ஆன் பல்கலைக்கழகம் மிகச் சிறியது. நோவா ஸ்கோஷியாவில் கடலோரக் கிராமம் ஒன்றில் 1890இல் யூடிஸ்ட் என்ற கத்தோலிக்கச் சபையின் பாதிரியார்கள் தொடங்கியது. அந்த மாகாணத்தின் ஒரே பிரெஞ்சுமொழிப் பல்கலைக்கழகம். பக்கத்திலேயே மரத்தால் எழுப்பிய பிரம்மாண்டமான மாதா கோவில். பாடப்பிரிவுகள் குறைவுதான். ஆனால் அதன் ஐந்து வார மொழிப் பயிற்சியைப் பாருங்கள்: விடுதியிலும் சாப்பாட்டு மேசையிலும் பிரெஞ்சு மட்டுமே. உப்பு வேண்டுமென்றாலும் பிரெஞ்சில்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் ஆங்கிலம் ஏறிப்போன பிள்ளை என்றால், நான் முதலில் சேந்த் ஆனுக்குத்தான் அனுப்புவேன். அப்புறம் சட்டம் படிக்க மாங்டன் போகலாம்.