சட்டைக்குப் படம் காட்டும் கேமரா

ஷட்டர் மாற்றப் போயிருந்த என் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, உள்ளே கண்ணாடி வைத்த நிகான் டி700, போன வாரம்தான் கைக்கு வந்தது. ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. ஷட்டர் போனதற்காக அதைக் குறை சொல்ல மாட்டேன். 1,50,000 தடவை தாங்கும் என்று சோதித்து விற்ற சாமான், அதற்கு மேலும் முப்பதாயிரத்துச் சொச்சம் உழைத்துவிட்டுத்தான் படுத்தது. அந்த ஒன்றரை மாதமும் வேறு வழியில்லாமல் உள்ளே கண்ணாடி இல்லாத இன்னொரு கேமராவை, அதாவது மிரர்லெஸ்ஸை, மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன். அதை வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனால் பழையது பையில் இருக்கிற தைரியத்தில் அதை நான் முழுசாக நம்பிப் பயன்படுத்தியதே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

இதற்கு நடுவில் நண்பர் ஒருவர் கேட்டார்: “செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய ப்ரொஃபஷனல் கேமரா பாடி வருது. இல்லன்னா புதுசா ஒரு ஆரம்பநிலை மிரர்லெஸ். நீங்க ரெண்டும் வெச்சிருக்கீங்க, எதுக்குப் போகலாம்?” இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் வந்துவிட்டது.

மிரர்லெஸ்ஸின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் திட்டப்போகிற விஷயங்களில் பாதி, அந்த வகுப்பில் யார் செய்த கேமராவிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். ஒருவரை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை. 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார் (டி700இன் முழுச்சட்டக சென்சாரை விடச் சின்னது), கூடவே வந்த கிட் லென்ஸ். அவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் கோபத்தை முடித்துவிடுகிறேன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம். அக்கா பேரன் தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்துவிட்டான். இரண்டு எட்டு பின்னால் போனான். அந்த வயதுப் பையன் பின்னால் போனால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கேமரா கழுத்தில் தொங்குகிறது, சுவிட்ச் போட்டுத்தான் இருக்கிறது. தூக்கிக் கண்ணில் வைத்தேன். கறுப்பு. ஒன்றும் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி. ஷட்டர் பட்டனை அழுத்தினேன், கேமரா தூக்கத்திலிருந்து எழுந்தது. வியூஃபைண்டரில் வெளிச்சம் வந்தபோது பையன் தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். தெறித்ததெல்லாம் தெறித்து, அலை கூட அடங்கிக்கொண்டிருந்தது. “இன்னொரு தடவை குதிடா” என்றேன். குதித்தான். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குதித்தான். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. நல்ல ஃபோகஸ், நல்ல நிறம். எதற்கும் உதவாது.

இது பழுது இல்லை. கேமரா ஒழுங்காகத்தான் வேலை செய்தது. எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் என்பது கண்ணருகே ஒட்டவைத்த ஒரு குட்டி டிவி. அதில் படம் தெரிய வேண்டுமானால் சென்சார் ஓட வேண்டும், ப்ராசஸர் ஓட வேண்டும், திரை எரிய வேண்டும். மூன்றும் ஓயாமல் ஓடினால் அந்தச் சின்ன பேட்டரி தாங்காது. எனவே கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தூங்கிவிடும். காரணம் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

டி700இல் இந்தப் பேச்சே கிடையாது. லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, மேலே ப்ரிஸத்தில் திரும்பி, கண்ணுக்கு வருகிறது. சுவிட்சையே போடாவிட்டாலும் பார்க்கலாம். (பேட்டரியையே உருவிவிட்டால் மட்டும் லேசாக மங்கும். அந்தத் தலைமுறை நிகான்களில் வியூஃபைண்டருக்குள் ஒரு எல்சிடி படலம் இருப்பதால் அப்படி.) சுவிட்ச் போட்டால் 0.12 நொடியில் தயார். என்னுடையதில் அந்த சுவிட்சை நான் அணைத்ததே கிடையாது. வாரக்கணக்கில் பையில் அப்படியே கிடக்கும். எடுத்துக் கண்ணில் வைத்தால் உலகம் அங்கே இருக்கும். அழுத்தினால் ‘டடக்’.

சரி, செட்டிங்கில் தூக்க நேரத்தை நீட்டிவிட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் வைத்தேன். பேட்டரி மத்தியானத்தைத் தாண்டவில்லை. தொழில் சோதனைக் கணக்கிலேயே டி700 ஒரு சார்ஜுக்கு சுமார் 1,000 படம் எடுக்கும். இந்த மிரர்லெஸ் 300க்குப் பக்கம்தான். அதற்கே இந்த வேகத்தில் காலியாகக் கூடாதே என்று கவனித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வியூஃபைண்டருக்குப் பக்கத்தில், கண் அருகே வந்ததா என்று பார்க்கும் ஒரு சென்சார் இருக்கிறது. கேமரா மார்பில் தொங்கும்போது அதற்கு என் சட்டையும் கண்ணும் ஒன்றுதான். சட்டை நெருங்கியதும் யாரோ பார்க்கிறார்கள் என்று நம்பி, திரையை எரிய விட்டிருக்கிறது. நான் நடந்துபோன தூரமெல்லாம் என் சட்டைக்குப் படம் காட்டிக்கொண்டே வந்திருக்கிறது! எனக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் தூக்கம்.

இப்போது ஒரு வித்தை பழகியிருக்கிறேன். கேமராவைத் தூக்கும்போதே, அது கண்ணுக்கு வருவதற்கு முன்பே, ஆள்காட்டி விரல் ஷட்டர் பட்டனை லேசாகத் தட்டிவிடும். பத்தில் எட்டு தடவை பலிக்கிறது. திரும்பி வந்த டி700ஐக் கையில் எடுத்தபோதும் விரல் அதையே செய்தது, அங்கே தேவையே இல்லாமல். ஒரு கருவி நமக்கு வேலை செய்வதற்குப் பதில் நம்மைப் பழக்கிவைத்திருக்கிறது என்று அப்போது சுருக்கென்றது.

நியாயமாகப் பேசினால், டி700இலும் இருட்டு உண்டு. படம் பதிவாகிற அந்தக் கணத்தில் கண்ணாடி மேலே எழும்பி வியூஃபைண்டரை மறைக்கும். டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிற யாரும் தான் எடுத்த கணத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அதற்கு முந்தியதையும் பிந்தியதையும்தான் பார்க்கிறோம். ஆனால் அங்கே இருட்டு வந்தால் படம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே இருட்டு படத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கோபம் முடிந்தது. இனி நல்லது.

ஃபோகஸ். இதில் டி700 வாயே திறக்க முடியாது. டிஎஸ்எல்ஆரில் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாக இன்னொரு கண்ணாடி இருக்கிறது. வெளிச்சத்தில் ஒரு பங்கை அது கீழே தள்ளிவிட, அடியில் இருக்கிற தனி சென்சார் ஃபோகஸ் பார்க்கும். அந்த வழியின் நீளமும் பட சென்சாருக்குப் போகும் வழியின் நீளமும் மயிரிழை பிசகினால் கூட, கண் இமைக்குப் போக வேண்டிய ஃபோகஸ் காதுக்குப் போகும். அதற்காகவே மெனுவில் லென்ஸுக்கு லென்ஸ் திருத்தம் வைத்திருந்தார்கள். நானும் ஒரு அளவுகோலைச் சாய்த்துவைத்து எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்திருக்கிறேன். மேலும் டி700இன் 51 ஃபோகஸ் புள்ளிகளும் சட்டகத்தின் நடுவில் குவிந்து கிடக்கும். முகம் ஓரத்தில் வேண்டுமென்றால் நடுவில் ஃபோகஸ் பூட்டிவிட்டு, அப்படியே நகர்த்த வேண்டும். லென்ஸின் வாயை எஃப்/1.8 வரை அகலத் திறந்து, கிட்ட நின்று அப்படி நகர்த்தினால் பாதி படம் கோவிந்தா.

மிரர்லெஸ்ஸில் படம் எடுக்கிற சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. இரண்டு வழி என்ற வம்பே இல்லை. அதோடு அது கண்ணைக் கண்டுபிடிக்கிறது. பையன் திரும்பினாலும், ஓடினாலும், முகத்தில் பாதி முடி விழுந்திருந்தாலும் ஒரு சின்னக் கட்டம் அவன் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டு போகிறது. ஆரம்பநிலை கேமராவில் இது வருகிறது! பழைய 50 மிமீ லென்ஸை வைத்துக்கொண்டு நான் வருடக்கணக்கில் பழகிய கைவேலையை இது முதல் நாளே செய்துவிட்டது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்தது யாரும் விளம்பரத்தில் சொல்லாத சங்கதி. எனக்கு வெள்ளெழுத்து வந்து சில வருடம் ஆகிறது. டி700இல் வியூஃபைண்டர் பக்கத்துத் திருகை என் கண்ணுக்கு ஏற்றாற்போல் வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடி இல்லாமல் எடுப்பேன். எடுத்ததைச் சரிபார்க்கப் பின்திரையைப் பார்த்தால் எல்லாம் பஞ்சு. சட்டைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்து, போட்டு, பார்த்து, கழற்றி, மறுபடி கேமராவைத் தூக்க வேண்டும். அதற்குள் அங்கே கதை மாறியிருக்கும். மிரர்லெஸ்ஸில் எடுத்த படத்தை அதே வியூஃபைண்டருக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம், பெரிதாக்கியும் பார்க்கலாம், மெனுவையும் அங்கேயே படிக்கலாம். சுட்டெரிக்கிற வெயிலிலும் தெளிவாகத் தெரிகிறது. வாங்கிய மூன்றாம் நாள் தற்செயலாக ப்ளே பட்டனை அழுத்தியபோது இது தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வயது பத்து குறைந்தது. என் வயதுக்காரர்கள் யாராவது மிரர்லெஸ் பற்றிக் கேட்டால் மெகாபிக்சல் எல்லாம் அப்புறம், இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

இத்தனைக்கும் அந்தக் குட்டித் திரை ஒன்றும் பிரமாதமில்லை. 2.36 மில்லியன் புள்ளி என்று பெருமையாகப் போடுகிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக எண்ணிய கணக்கு அது. உண்மையில் 1024க்கு 768 தான். இருட்டு அறையில் புழுப்புழுவென்று நெளிகிறது. டி700இன் ப்ரிஸத்தில் பார்த்துவிட்டு இதில் பார்த்தால், ஜன்னலில் நின்று பார்த்த தெருவை செல்போனில் பார்ப்பது போல இருக்கிறது. ஆனால் வெளிச்சம் கூடினால், குறைந்தால் படம் எப்படி வரும் என்பதை எடுப்பதற்கு முன்பே காட்டிவிடுகிறது. ஜன்னல் அதைக் காட்டாது.

சத்தமில்லாத ஷட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடை நாடகத்தில் டி700ஐ அழுத்தினால் மூன்று வரிசை திரும்பிப் பார்க்கும். மிரர்லெஸ்ஸில் எலக்ட்ரானிக் ஷட்டர், மூச்சுச் சத்தம் கூட இல்லை. அந்த உற்சாகத்தில் பேட்மிண்டன் ஆட்டத்துக்கும் அதே ஷட்டரோடு போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மட்டையெல்லாம் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது. இந்த விலை வகுப்பு சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக மெதுவாகப் படிக்கின்றன. படித்து முடிப்பதற்குள் மட்டை நகர்ந்துவிடுகிறது. போதாததற்கு எல்இடி விளக்கின் துடிப்பு படத்தில் கோடு கோடாக விழுந்திருந்தது. ஓடுகிற எதற்கும் மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

கைப்பிடி, பட்டன் விவகாரத்தை நீட்ட விரும்பவில்லை. டி700இல் இரண்டு டயல், வெளிச்ச அளவீட்டுக்குத் தனி வளையம், ஃபோகஸுக்குத் தனி பட்டன். இருட்டிலும் விரலுக்குத் தெரியும். மிரர்லெஸ்ஸில் ஒரே டயல், மீதி எல்லாம் மெனுவுக்குள். மெமரி கார்டு பேட்டரி அறைக்குள் இருக்கிறது. ட்ரைபாட் தகட்டை மாட்டியிருந்தால் அந்தக் கதவு திறக்காது. கார்டை மாற்ற ஒவ்வொரு தடவையும் தகட்டைக் கழற்ற வேண்டும். இதை வடிவமைத்தவர் ட்ரைபாடைப் பார்த்ததே இல்லையோ என்னவோ.

படத் தரம்? நிழலில் ஒளிந்த விவரத்தைக் கம்ப்யூட்டரில் மேலே இழுத்தால் மிரர்லெஸ் தாங்குகிறது, டி700 சீக்கிரமே கலங்கிவிடுகிறது. பாதியாக வெட்டினாலும் 24இல் 12 மிச்சம். டி700இன் முழுச்சட்டக சென்சார் தருகிற பின்னணி மங்கல் மட்டும் கிட் லென்ஸில் வராது. அது லென்ஸ் மாற்றினால் ஓரளவு தீரும்.

அப்புறம் எடை. டி700 பாடி மட்டும் 995 கிராம். 24-70 மிமீ ஜூம் லென்ஸை மாட்டினால் இரண்டு கிலோவைத் தொடும். மிரர்லெஸ் பாடி அரைக் கிலோ கூட இல்லை. ஒன்றரை வருடத்தில் மிரர்லெஸ்ஸில் எடுத்த படங்கள் டி700இல் எடுத்ததைப் போல நான்கு மடங்கு இருக்கும். காரணம் ஃபோகஸோ கண் கண்டுபிடிப்போ இல்லை. அது என்னோடு வந்தது, மற்றது வீட்டில் இருந்தது.

2008 செப்டம்பரில், டி700 வந்து இரண்டு மாதத்தில், பானசோனிக் ஜி1 அறிவிக்கப்பட்டது. கண்ணாடியை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் வைத்த இந்த வம்சத்தின் மூத்த பிள்ளை அது. அதைப் பொம்மை என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். 2020க்குப் பிறகு நிகானோ கேனனோ புது டிஎஸ்எல்ஆர் எதுவும் கொண்டுவரவில்லை.

ஆக நண்பருக்கு மிரர்லெஸ்ஸே வாங்குங்கள் என்று எழுதினேன். தூக்க நேரம், சட்டை சமாச்சாரம், விரல் வித்தை எல்லாவற்றையும் விளக்கி, யோசிக்கவே வேண்டாம், பழைய பாடி இந்தக் காலத்துக்கு வீண் சுமை என்று கூடச் சேர்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பையன் வந்திருந்தான். டி700ஐத்தான் தூக்கிக்கொண்டு போனேன், இரண்டு கிலோவோடு. மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. அறுபது படத்தில் பதினெட்டு ஃபோகஸ் தவறியிருந்தது. குதித்த படம் விழுந்திருக்கிறது.

நண்பரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது: “சரிங்க, மிரர்லெஸ்ஸே வாங்கிக்கறேன். வீண் சுமைன்னு சொல்றீங்களே, அப்ப உங்க டி700ஐ என் தம்பிக்குக் குடுத்துடறீங்களா?”

நான்கு நாள் ஆகிறது. இன்னும் பதில் போடவில்லை.