64க்கு முந்தின வின்செஸ்டர் மாடல் 70, .375 ஹெச் அண்ட் ஹெச்: பல வருஷம் சுட்ட அனுபவமும், பழைய ரைபிள் வாங்கறப்போ நான் பாக்கறதும்

பழைய பெரிய காலிபர் ரைபிள் வாங்கணும்னு என்கிட்ட கேக்கறவங்க எல்லாருமே முதல்ல பேரல் மேல எழுதியிருக்கற கம்பெனி பேரைத்தான் பாக்கறாங்க. பேரலுக்கு உள்ள பாருங்க, அப்புறம் கட்டையை, அப்புறம் தோட்டாவை ஏத்திப் பூட்டற பாகமான ஆக்‌ஷனை, பேரு கடைசிதான். நான் டெக்சாஸ்ல இருக்கேன், வச்சிருக்கறது 1950கள்ல வந்த மாடல் 70, .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் (ஹெச் அண்ட் ஹெச்) தோட்டா சுடறது, பல சீசனா தெற்கு டெக்சாஸ்ல நீல்காய் வேட்டைக்கு இதுதான் கூட வருது. நம்ம வட இந்தியாவுல வயல்ல எறங்கி மேயற அதே நீல்காய்தான், 1920, 30கள்ல கிங் ரான்ச்ல கொண்டுவந்து விட்டாங்க, இப்ப அந்தக் கடலோரம் பூரா பெருகிடுச்சு. பெரிய காளை 600 பவுண்டு பக்கம் வரும், தோலு அவ்ளோ கெட்டி, குண்டு இடம் மாறி பட்டுச்சுன்னா முள்ளுக்காட்டுக்குள்ள எங்கயோ போயிடும், அதனால அங்க .375 அதிகம்னு யாரும் சொல்றதில்ல.

ஏன் 64க்கு முந்தினதுன்னா, 1964ல கம்பெனி டிசைனையே மாத்திட்டாங்க. பழசுல நீளமான க்ளா எக்ஸ்ட்ராக்டர், அதாவது தோட்டாவைப் புடிக்கற கொக்கி இருக்கும், தோட்டா மேகசின்ல இருந்து மேல ஏறும்போதே விளிம்பைப் புடிச்சுக்கும், சுட்ட காலி கேஸ் (தோட்டா உறை) வெளிய விழற வரைக்கும் விடாது. பதட்டத்துல போல்ட்டை (கையால தள்ளி இழுக்கற பாகத்தை) பாதி தள்ளி திரும்ப இழுத்தாலும் ரெண்டு தோட்டா சிக்கிக்காது. சீரியல் நம்பர் 7 லட்சத்துக்குக் கீழ இருந்தா பழைய டிசைன். ட்ரிகர் ரொம்ப சிம்பிள், பாகமெல்லாம் வெளிய தெரியற மாதிரி இருக்கும், மணல் போனாலும் ஊதி விட்டா போதும், இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட என்னைக் கைவிட்டதில்ல. 300 க்ரெயின் (சின்ன எடை அளவு) குண்டு செகண்டுக்கு 2500 அடி வேகம், உதை இருக்கு ஆனா தள்ளற மாதிரி உதை, ரைபிளோட எடைக்கு தாங்கலாம். கடல் காத்துதான் இதுக்கு எதிரி. ப்ளூயிங் (கருநீலப் பூச்சு) பண்ண இரும்பு ஒரே ராத்திரியில துரு புடிக்கும், வால்நட் கட்டை ஈரத்துல உப்பி குண்டு விழற இடம் நகரும், அதனால ஒவ்வொரு சீசனுக்கு முன்னாடியும் ஜீரோ, அதாவது குறி வச்ச இடத்துல குண்டு விழுதான்னு, செக் பண்ணியே ஆகணும். சுட்ட கேஸ்ல திரும்ப மருந்து நிரப்பி ரீலோட் பண்றவங்க கேஸை அதோட தோள்பட்டைக்கு (கழுத்துக்குக் கீழ சரியற இடம்) ஏத்த மாதிரி சைஸ் பண்ணுங்க, கேஸ் அடியில இருக்கற பெல்ட்டை (தடிச்ச வளையம்) நம்பினா கேஸ் நீண்டு நீண்டு பெல்ட்டுக்குக் கொஞ்சம் மேல பளபளன்னு ஒரு வளையம் தெரியும், அந்தக் கேஸ் அடுத்தது அறுந்துடும்.

இனிமே வாங்கற கதை. நல்ல லைட், க்ளீனிங் ராடு ரெண்டும் கையோட கொண்டு போங்க, விக்கறவர் முன்னாடியே பேரலைத் துடைச்சுப் பாருங்க. ஏன்னா அழுக்கும் எண்ணெயும் குழியை மறைச்சிடும். பழைய கைனாக் (பிரிட்டிஷ் கம்பெனி) தோட்டாவோட ப்ரைமர் (மருந்தைப் பத்த வைக்கற மூடி) உப்பை விட்டுட்டுப் போகும், அதை சுடுதண்ணி ஊத்திக் கழுவலேன்னா பேரல் அரிச்சுடும், கார்டைட்ங்கற பழைய வெடிமருந்து வேற சூடா எரியும், தோட்டா உக்கார்ற சேம்பருக்கு முன்னாடி இருக்கற இடத்தைத் தின்னுடும். ஆப்பிரிக்கா, இந்தியான்னு சுத்தி வந்த பிரிட்டிஷ் ரைபிள்ல இது ரொம்ப சகஜம். அப்புறம் கட்டை, போல்ட்டுக்குப் பின்னாடி டாங் (இரும்புல வால் மாதிரி நீட்டின பகுதி) இருக்கற இடத்துல மயிரிழை விரிசல் இருக்கான்னு பாருங்க, முடிஞ்சா ஆக்‌ஷனைக் கழட்டி மேகசினுக்கும் ட்ரிகருக்கும் நடுவுல இருக்கற மரத்தையும் பாருங்க. எண்ணெய் ஊறி கருத்துப்போன மரம் பெரிய காலிபர் உதையைத் தாங்காது. ரப்பர் பேட் போட கட்டையை வெட்டியிருக்காங்களான்னும் அளந்துக்குங்க.

எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற விஷயம் திரும்ப பாலிஷ் போட்டு புதுசு மாதிரி ஆக்கறது. ஒரு வியாபாரி ஒரிஜினல் ப்ளூயிங்னு காட்டின ரைபிள்ல எழுத்தெல்லாம் மழுங்கி, திருகு ஓட்டையோட ஓரம் பள்ளமா போயிருந்துச்சு. நேர்மையா தேஞ்சு வெளுத்துப்போன ரைபிளை நான் இதைவிட நூறு மடங்கு மதிப்பேன். லண்டன்ல செஞ்ச நல்ல துப்பாக்கின்னா திருகுத்தலையோட கோடெல்லாம் பேரல் போற திசையிலயே நிக்கும், கோணலா நின்னாலோ தலை சிதைஞ்சிருந்தாலோ யாரோ தெரியாத கை உள்ள போயிருக்கு.

ரெண்டு பேரல் சேர்த்து வச்ச டபுள் ரைபிள்னா இன்னும் கவனம். பேரலைத் தனியா கழட்டி கொக்கியில தொங்க விட்டு லேசா தட்டினா மணி மாதிரி நாதம் வரணும், மொத்துன்னு சத்தம் வந்தா ரெண்டு பேரலையும் நடுவுல சால்டர் பண்ணி ஒட்டினது எங்கயோ விட்டிருக்கு. ரைபிளைத் திரும்ப மாட்டி மூடி, லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாத்தா பேரலுக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாது. ரெண்டு பேரலும் ஒரே இடத்துல அடிக்கற மாதிரி குறிப்பிட்ட லோடுக்குத்தான் (மருந்து, குண்டு அளவுக்கு) சேர்த்திருப்பாங்க. .470ல 75-500ன்னு ப்ரூஃப் முத்திரை (சோதனை பண்ணினதுக்கான முத்திரை) இருந்தா 75 க்ரெயின் கார்டைட், 500 க்ரெயின் குண்டு, அந்த 2150 அடி வேகத்தை இப்ப இருக்கற பவுடர்ல கொண்டு வந்தாதான் குறி சேரும், அதனால சுட்ட டார்கெட்டைக் கேளுங்க. இந்த .470 வந்ததே நம்ம ஊர் சட்டத்தாலதான்னு சொல்லலாம், பிரிட்டிஷ் அரசு இந்தியாவுல .450 காலிபரைத் தடை பண்ணினதாலதான் .465, .470, .475 எல்லாம் பொறந்துச்சு.

கதை சொல்லி விலை ஏத்தினா நம்பாதீங்க, ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் மாதிரி கம்பெனிங்க பழைய லெட்ஜரை இன்னும் வச்சிருக்காங்க, சீரியல் நம்பர் குடுத்து காசு கட்டினா எப்ப, யாருக்கு செஞ்சதுன்னு எழுதிக் குடுப்பாங்க.

இப்ப .404 ஜெஃப்ரி ஒண்ணு பாத்துட்டு இருக்கேன், பேரல்ல 60-400 தெளிவா இருக்கு, கட்டையும் தேவலாம். ஆனா அந்தக் காலத்து .404 சேம்பரெல்லாம் ஒரே அளவுல இருக்காது, அதனால செர்ரோசேஃப் (சீக்கிரம் உருகற உலோகம்) ஊத்தி சேம்பரோட காஸ்ட் (அச்சு) எடுத்து, ஈயக்குண்டு ஒண்ணை பேரல்ல தட்டி விட்டு .423 அங்குலம் இருக்கான்னு அளந்து பாத்துட்டுத்தான் விலையே பேசுவேன்.