இன்டேக் பேக்கிங்: காகிதமா, பிளாஸ்டிக் சட்டமா, உலோகமா, வெறும் சிலிக்கானா?

பழைய வண்டியின் இன்டேக் மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) என்ஜினோடு சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கை வீட்டிலேயே மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பேக்கிங் நல்லது?" என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று என்ஜின்களில் இந்த வேலையைச் செய்து பார்த்தபின் எனக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாகிவிட்டது. முதல் கேள்வி இது: அந்த இணைப்பு வழியாக எதெல்லாம் போகிறது? காற்று மட்டுமா, கூலன்டும் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சேர்ந்தா, அடியில் ஆயிலும் இருக்கிறதா?

நான்கு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் என்ஜின்கள் பலவற்றில் மேனிஃபோல்டு ஹெட்டின் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். அங்கே பேக்கிங்குக்கு ஒரே வேலைதான்: வெளிக்காற்றை உள்ளே விடாமல் இருக்க வேண்டும். வி வடிவ என்ஜினில் நிலைமை வேறு. பழைய வி6, வி8 பலவற்றில் மேனிஃபோல்டு இரண்டு ஹெட்டுகளுக்கு நடுவே மூடி போல உட்கார்ந்திருக்கும். அதன் முனைகளில் கூலன்ட் பாதை, அடியில் லிஃப்டர்கள் (வால்வுகளைத் திறக்க உந்தும் உருளைகள்) நிற்கும் பள்ளம், அந்தப் பள்ளம் முழுக்க ஆயில். காற்று, கூலன்ட், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் ஒரே பேக்கிங் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று கசிந்தால் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடுவது) கெடும், அவ்வளவுதான். கூலன்ட் உள்பக்கமாகக் கசிந்து ஆயிலில் கலந்தால் பேரிங்குகள் அரித்துப்போய் என்ஜினே கைவிட்டுப் போகும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துத்தான் கீழே நான்கையும் எடை போடுகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. கசிவு அங்கேதான் என்று உறுதியாகத் தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ஆர்பிஎம் ஏறி இறங்குவது, உஸ் என்ற சத்தம், கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடிப்பது, கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் பி0171, பி0174 என்ற பிழைக் குறியீடுகள் எல்லாமே இந்தப் பேக்கிங்கைக் காட்டலாம். விரிசல் விட்ட ஒரு வேக்கம் குழாயையும் காட்டலாம். வேக்கம் கேஜ் இருந்தால் மாட்டிப் பாருங்கள். கடல் மட்டத்தில் ஆரோக்கியமான என்ஜின் ஐடிலில் சுமார் 17 முதல் 22 அங்குல பாதரச அளவு காட்டும். கசிவு இருந்தால் முள் அதற்குக் கீழேயே நின்றுவிடும். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பலரும் கார்புரேட்டர் கிளீனரை அடிக்கிறார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. பல பழைய என்ஜின்களில் இன்டேக்குக்கு நேர் அடியிலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும். தீப்பிடிக்க ஒரு துளி போதும். சாதாரணத் தண்ணீரைப் பூவாளி போலத் தெளியுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் பட்டதும் உஸ் சத்தம் ஒரு கணம் மாறும், ஐடிலிங்கும் தடுமாறும். புகை விட்டுச் சோதிக்கும் கருவி கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

காகிதப் பேக்கிங்

காகிதம் என்று சொன்னாலும் இது நாரும் பசையும் சேர்த்து அழுத்திய தகடு. இதன் பெரிய குணம், மன்னிக்கும். முப்பது வருட ஹெட்டின் முகப்பில் இருக்கும் சிறு குழிகளையும் கீறல்களையும் அழுந்தி நிரப்பிக்கொள்ளும். காற்று மட்டும் போகும் இணைப்புக்கு இதுவே போதும் என்பது என் முடிவு. அதற்குமேல் செலவழிப்பது வீண்.

குறைகளும் உண்டு. சூடாகி ஆறி, சூடாகி ஆறி இது மெலிந்துகொண்டே போகும். அப்போது போல்ட்டின் இறுக்கம் தளரும். வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடு அனுமதித்தால் முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் குளிர்ந்த என்ஜினில் ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும். கூலன்ட் பாதையின் ஓரத்தில் நார் ஈரத்தை உறிஞ்சி ஊறிப்போகும். அடுத்த முறை கழற்றும்போது பாதி ஹெட்டோடும் பாதி மேனிஃபோல்டோடும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஆனால் வேறு எந்த வகையாலும் முடியாத ஒன்று இதனால் முடியும்: கையால் வெட்டிக்கொள்ளலாம். உதிரிபாகமே நின்றுபோன வண்டிகளுக்கு இது ஒன்றுதான் வழி. பெட்ரோலைத் தாங்கும் பேக்கிங் ஷீட்டை வாங்கி, பழைய பேக்கிங்கை அதன்மேல் வைத்துப் பென்சிலால் வரையுங்கள். போல்ட் துளைகளைக் குழாய் போன்ற துளைபோடும் கருவியால், ஒரு மரக்கட்டை மேல் வைத்து, ஒரே அடியில் போடுங்கள். துளைகள் முதலில், வெளி ஓரம் கடைசியில். மாற்றிச் செய்தால் துளைக்கு அருகே ஓரம் பிய்ந்துவிடும். போர்ட் (காற்று சிலிண்டருக்குள் போகும் வழி) துவாரத்தைப் பழையதைவிட ஒரு மயிரளவு பெரிதாக வெட்டுங்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் காகித விளிம்பு காற்றோட்டத்தைத் தடுக்கும், நாளடைவில் கிழிந்து உள்ளேயும் போகும். வெட்டி முடித்ததைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, மேனிஃபோல்டு முகப்பில் வைத்து ஒவ்வொரு துவாரமாகப் பார்க்கும்போது வரும் திருப்தி தனி.

1980களுக்கு முந்தைய வண்டியாக இருந்தால் பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்வாகச் சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ்ஷை மெஷினில் மாட்டித் தேய்க்கவே கூடாது. ஈரமாக்கி, முகமூடி போட்டுக்கொண்டு எடுங்கள்.

பிளாஸ்டிக் சட்டம்

நைலான் சட்டத்தில் சிலிக்கான் ரப்பர் வரிகள் பதித்த வகை இது. அசெம்பிளி லைனுக்கு ஏற்றது: சட்டம் கெட்டியாக இருப்பதால் நேராக உட்காரும், ரப்பர் அளவுக்கு மேல் நசுங்காது, கழற்றும்போது ஒரே துண்டாக வரும். காற்றுக்கு இதில் எந்தக் குறையும் இல்லை.

கூலன்டும் சேர்ந்து ஓடும் இடத்தில்தான் இது பெயர் கெடுத்துக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸின் 3.1, 3.4 லிட்டர் வி6 என்ஜின்களில் இந்த வகைக் கீழ் இன்டேக் பேக்கிங் கசிவது பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. வெப்பமும் கூலன்டும் சேர்ந்து தாக்கும்போது நைலான் பதம் இழக்கும், சிலிக்கான் வரி சட்டத்தைவிட்டுப் பிரியும், போல்ட் தளரும். பின்னாளில் அதே இடத்துக்கு உலோகச் சட்டம் வைத்த மாற்றுப் பேக்கிங்குகள் வந்தன. அந்த என்ஜின் வைத்திருப்பவர்கள் மீண்டும் நைலானையே வாங்கிப் போடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மேனிஃபோல்டே பிளாஸ்டிக்காக இருந்து, காடியில் அழுத்திப் பொருத்தும் ரப்பர் வளையம் வைத்த என்ஜின்களில் தேர்வுக்கே இடமில்லை. அந்த வளையம்தான், அதுவும் எதுவும் தடவாமல்.

உலோகம்

எஃகுத் தகட்டின் மேல் ரப்பர் வரி பதித்தது ஒன்று, மெல்லிய தகடுகள் பல அடுக்காகச் சேர்ந்தது இன்னொன்று. விலை அதிகம். கூலன்ட் போகும் வி என்ஜினுக்கு யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இரும்பு ஹெட்டின்மேல் அலுமினிய மேனிஃபோல்டு இருக்கிறது என்று வையுங்கள். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். 500 மில்லிமீட்டர் நீளமுள்ள மேனிஃபோல்டு 80 டிகிரி சூடேறினால் அது நீள்வது சுமார் 0.9 மில்லிமீட்டர், அடியிலுள்ள இரும்பு நீள்வது அதில் பாதிதான். நடுவில் மாட்டிக்கொண்ட பேக்கிங் ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் இரண்டு பக்கமும் இழுபடுகிறது, முனைகளில்தான் மிக அதிகமாக. கூலன்ட் பாதை இருப்பதும் பெரும்பாலும் அந்த முனைகளில்தான். இந்த இழுபறியை எஃகுத் தகடு தாங்கும். நாரும் நைலானும் வருடக்கணக்கில் தாங்காது.

ஆனால் உலோகம் மன்னிக்காது. முகப்பில் ஒரு ஆழமான கீறல் இருந்தால் அது அப்படியே கசிவுப் பாதை. ஸ்டீல் ஸ்கேலை நேராக வைத்து, அதன் அடியில் ஃபீலர் கேஜை (கனம் குறித்த மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். எவ்வளவு கோணல் வரை பொறுக்கலாம் என்பது கையேட்டில் இருக்கும், 0.1 மில்லிமீட்டர் தகடு எங்கேயாவது தாராளமாக நுழைந்தால் நான் அந்த மேனிஃபோல்டை முகம் சீர் செய்யக் கொடுத்துவிடுவேன்.

வெறும் சிலிக்கான்

டியூபில் வரும் சிலிக்கான் சீலன்ட்டே பேக்கிங்குக்கு மாற்று என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இன்டேக் போர்ட்டைச் சுற்றி இது கூடவே கூடாது. சாதாரண சிலிக்கானைப் பெட்ரோல் ஊறவைத்து உப்ப வைக்கும். உள்பக்கம் பிதுங்கிய நூல் பிய்ந்து வால்வுக்குப் போகும். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபில் எழுதாத வகையாக இருந்தால் அதன் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுக்கும்.

பேக்கிங்கோடு சேர்த்துத் தடவினால்? அதைத்தான் நான் முதல் முறை செய்தேன். நான்கு சிலிண்டர் கார்புரேட்டர் வண்டி, புதுக் காகிதப் பேக்கிங், கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து இரண்டு பக்கமும் சிலிக்கான். இரண்டே வாரத்தில் பழையபடி ஐடிலிங் ஏறி இறங்கியது. கழற்றினேன். இரண்டாவது, மூன்றாவது போர்ட்டுக்கு நடுவில் பேக்கிங் வெளிப்பக்கமாக நாக்கை நீட்டியதுபோல் பிதுங்கி, அடிஓரத்தில் கிழிந்திருந்தது. உலராத சிலிக்கான் எண்ணெய் தடவியதுபோல் வேலை செய்திருக்கிறது. போல்ட்டை முறுக்க முறுக்கப் பேக்கிங் வழுக்கி வெளியே போயிருக்கிறது. அடுத்த பேக்கிங்கை உலர்வாகவே போட்டேன், கசிவு நின்றது.

சிலிக்கானுக்கு உரிய இடம் ஒன்று உண்டு. வி என்ஜினில் மேனிஃபோல்டின் முன், பின் முனைகள் பிளாக்கின் சுவரில் உட்காரும் இரண்டு இடங்கள். அங்கே கிட்டில் கார்க் அல்லது ரப்பர் பட்டையும் வரும். அந்தப் பட்டை மேனிஃபோல்டை இறக்கும்போது நகர்ந்துவிடும், பிறகு ஆயில் ஒழுகும். கையேடு வேறு சொல்லாதவரை பட்டைக்குப் பதில் 5, 6 மில்லிமீட்டர் கனமுள்ள சிலிக்கான் வரி போடுவதே மேல். மூலைகளில் ஹெட்மேல் சற்று ஏறும்படி இழுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. மேலே தோல் கட்டுவதற்குள் மேனிஃபோல்டை நேராக, பக்கவாட்டில் நகராமல் இறக்குங்கள். தலை வெட்டிய நீளமான போல்ட் இரண்டை எதிரெதிர் மூலையில் வழிகாட்டியாகப் போட்டுக்கொண்டால் ஒரே ஆள் இறக்கிவிடலாம்.

சுரண்டியா, தேய்ப்பு வட்டா?

எந்தப் பேக்கிங் என்பதைவிட இதில்தான் அதிகம் பேர் என்ஜினை இழக்கிறார்கள் என்பது என் எண்ணம். டிரில்லில் மாட்டும் தேய்ப்பு வட்டு இரண்டு நிமிடத்தில் முகப்பைப் பளபளக்க வைத்துவிடும். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடுத் துகள் லிஃப்டர் பள்ளத்தில் விழுந்து, ஆயிலோடு கலந்து, பேரிங்கில் போய் உட்காரும். என்ஜின் தயாரிப்பாளர்களே இதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் சுரண்டியும், பேக்கிங் கரைக்கும் திரவமும், பொறுமையும் போதும். அலுமினியத்தில் எஃகுச் சுரண்டியைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் படுக்கையாகப் பிடியுங்கள். மூலை குத்திய ஒரு கீறல் உலோகப் பேக்கிங்குக்கு எமன். போர்ட்டுகளில் சுத்தமான துணியை அடைத்துக்கொள்ளுங்கள், எத்தனை துணி என்று எண்ணி எழுதி வையுங்கள்.

மேலே சொன்ன 3.1, 3.4 வி6 போன்ற என்ஜின்களில் புஷ் ராட்களையும் (லிஃப்டரின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கம்பிகள்) எடுத்தால்தான் பேக்கிங் வெளியே வரும். இன்டேக் ராட் குட்டை, எக்ஸாஸ்ட் ராட் சற்று நீளம். மாற்றிப் போட்டு முறுக்கினால் ராடோ வால்வோ வளையும். ஒரு அட்டையில் பன்னிரண்டு துளை போட்டு, கழற்றிய வரிசையிலேயே செருகி வையுங்கள்.

முறுக்குவதில் நான்கு வகைக்கும் ஒரே விதிதான்: டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக. அலுமினியத்தில் இந்தப் போல்ட்டுகளுக்கான அளவு பெரும்பாலும் 10 முதல் 25 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும். கைப் பழக்கத்தில் முறுக்குபவர்கள் அதைத் தாண்டிவிடுவார்கள். நைலான் சட்டம் என்றால் இன்னும் கவனம்.

பக்கவாட்டு மேனிஃபோல்டு என்றால் இதை அரை நாளில் வீட்டில் முடிக்கலாம், தயங்காமல் இறங்குங்கள். வி6 என்றால் முதல் முறைக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். கையேடும் டார்க் ரெஞ்சும் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. மேனிஃபோல்டைத் தூக்கும்போது கூலன்ட் பள்ளத்தில் சிந்தாமல் இருக்காது. அதனால் கிளப்புவதற்கு முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். சிலிக்கானுக்கு டியூபில் சொன்ன நேரம் முழுவதும் கொடுத்து, கூலன்ட் நிரப்பிக் காற்று வெளியேற்றி, ஐடிலில் சூடேற விடுங்கள். அதே தண்ணீர்த் தெளிப்பானை எடுத்து அதே ஓரங்களில் மறுபடி தெளியுங்கள். மறுநாள் காலை, என்ஜின் ஆறியபின் கூலன்ட் மட்டத்தையும் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். ஆயில் கலங்கிய வெளிர்பழுப்பாக இருந்தால் வண்டியைக் கிளப்பாமல், மறுபடி திறந்து பார்த்துவிடுங்கள்.