மழைக்கால ஏலகிரி கேம்பிங், மவுண்டன் பைக் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் படியுங்கள்

சனி, ஞாயிறில் சென்னையிலிருந்து ஏலகிரிக்குக் கூட்டிப்போய், டென்ட்டில் தங்கவைத்து, காட்டுப் பாதையில் மவுண்டன் பைக் ஓட்டவைப்பதாக இன்ஸ்டாகிராமில் நிறைய விளம்பரங்கள் வருகின்றன. அப்படி ஒருவரிடம் நாங்கள் ஆறு நண்பர்கள் ஆளுக்கு 4,200 ரூபாய் கட்டினோம். இப்போது ஒரு தோழி மணிக்கட்டு எலும்பில் விரிசலோடு கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பணம் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. நவம்பர், டிசம்பரில் இப்படிக் கிளம்பப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியமே ஏலகிரி இருக்கும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்துவிட்டது. ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை மழை எதிர்பார்க்கலாம். உடனே போன் செய்து, அடுத்த வாரத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டோம். "ப்ரோ, மலைக்கு மழைதான் அழகே. நம்ம டென்ட் எல்லாம் வாட்டர்ப்ரூஃப். நீங்க வரலைன்னா பணம் போயிடும், அவ்வளவுதான்" என்றார். பணத்தை முழுதாக வாங்கிக்கொண்ட பிறகு எச்சரிக்கையைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

கோயம்பேட்டில் சொன்ன நேரத்துக்கு வேன் வந்தது. வாணியம்பாடி தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி மேலே போனது வரை ஒரு குறையும் இல்லை. இறக்கிவிட்டதும் வேன் கீழே போய்விட்டது. அவசரம் என்றால் எங்களுக்கு வண்டி இல்லை என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதலில் காட்டுப் பாதை. எல்லையிலேயே வனத்துறை ஊழியர் நிறுத்திவிட்டார். அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டார். எங்களோடு வந்த பையனிடம் எதுவும் இல்லை. குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் காட்டுக்குள் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு நம் மேல்தான் பாயும். அந்த ஊழியர் பொறுமையாகப் பேசித் திருப்பி அனுப்பினார், அவருக்கு நன்றி.

அப்புறம் டென்ட். அதற்கு ஒரே அடுக்குத்தான், மேலே போடும் மழை விரிப்பு இல்லை. அடியில் போட்ட தார்ப்பாய் நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இதைக் கட்டாயம் கவனியுங்கள்: அப்படி நீட்டியிருந்தால் டென்ட் மேலிருந்து வழியும் தண்ணீரை அதுவே ஏந்தி நமக்கு அடியில் கொண்டுவந்துவிடும். போதாக்குறைக்கு இடம் வேறு வயல் ஓரத்துப் பள்ளம். நள்ளிரவுக்கு முன்பே படுக்கை, பை, துணி எல்லாம் ஊறிப்போய்விட்டன. பக்கத்து டீக்கடை அம்மா கதவைத் திறந்து திண்ணையில் இடம் கொடுத்தார். "மழை நாள்ல அந்தப் பள்ளத்துல மாடுகூடக் கட்ட மாட்டோம், கண்ணு. அங்கியா படுக்க வச்சாங்க?" என்றார். அந்த அம்மா போட்டுக் கொடுத்த டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

சைக்கிள் விஷயம்தான் எனக்கு ஆறவே இல்லை. விளம்பரத்தில் டிஸ்க் பிரேக், முன்பக்க சஸ்பென்ஷனோடு படம். வந்தவற்றில் பாதி, சக்கர வளையத்தை ரப்பர் கட்டை இரண்டு பக்கமும் கவ்வும் வகை. வளையம் நனைந்திருந்தால் அந்தக் கட்டை தண்ணீரையும் சேற்றையும் வழித்தெடுப்பதற்குள் சக்கரம் சில சுற்று சுற்றிவிடும், பிறகுதான் பிடிக்கவே தொடங்கும். சமதரையில் சமாளிக்கலாம், மலை இறக்கத்தில் முடியாது. இதில் கட்டைகளும் தேய்ந்துபோய் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. டயர்கள் மொட்டை. ஞாயிறு காலை இதைக் காட்டி வேறு வண்டி கேட்டோம். "எல்லாம் சர்வீஸ் பண்ணினதுதான்" என்று அந்தப் பையன் சாதித்தான். நிலாவூர் பக்கம் ஒரு சின்ன இறக்கம்தான். தோழி இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்தும் வண்டி நிற்காமல் போய் மண்திட்டில் மோதியது. முதலுதவிப் பெட்டியும் இல்லை. டீக்கடை அம்மாவின் மகன்தான் தெரிந்தவர் ஜீப்பைப் பிடித்து, கொட்டும் மழையில் எங்களைத் திருப்பத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "அவங்களுக்கு ஓட்டத் தெரியலை" என்று பதில் வந்தது. இரண்டு நாளில் எங்கள் எண்களை பிளாக் செய்துவிட்டார்.

பணம் அனுப்பும் முன் கேளுங்கள்: வன அனுமதி யார் பெயரில், எந்தத் தேதிக்கு? ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றுவார்களா, அதை எழுத்தில் தருவார்களா? இரவில் அங்கே வண்டி நிற்குமா? எங்களுக்குத் தரப்போகும் அதே சைக்கிளின் பிரேக்கையும் டயரையும் வீடியோவில் காட்டுவார்களா? தனிநபர் பெயருக்கு ஜிபே செய்யச் சொல்லி, பில் தரமாட்டேன் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். காட்டுக்குள் நடந்தால் போதும் என்பவர்களுக்கு, 2024-இல் தொடங்கிய அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்திலேயே பதிவு செய்யலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. டென்ட், சைக்கிள் படங்கள், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் சென்னையில் மனு தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.