ஸ்பெக்ட்ரம், கொமடோர், அமிகா: சித்திர வகுப்பை எதில் தொடங்கலாம்?

மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்றதோர் இடத்தில் கட்புலக் கலை பயில வரும் முதலாண்டு மாணவருக்கு, 1980களின் வீட்டுக் கணினிகளுள் எதைக் கொண்டு கணினிச் சித்திரத்தை அறிமுகம் செய்யலாம்? பழைய பொறிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவற்றைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருள்களை இன்றைய சாதாரணக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

எனது தெரிவு, மூன்றிலும் மிக எளியதான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982இல் வெளிவந்த இதன் திரை 256க்கு 192 புள்ளிகள் கொண்டது; அத்திரை எட்டுக்கு எட்டுப் புள்ளிகளான 768 கட்டங்களாகப் பிரிந்திருக்க, ஒரு கட்டத்துக்குள் இரண்டு வர்ணங்களுக்கு மட்டுமே இடமுண்டு. வடமோடிக் கூத்து அரசனின் முகத்தை இதில் வரைந்த மாணவி ஒருவர், மஞ்சள் முகத்தில் கறுப்பு மீசையை முடித்துவிட்டு அதனடியில் சிவப்பு உதட்டைத் தீட்டியதும், மீசையின் கீழ்ப்பாதியும் சேர்ந்து சிவந்துபோனது. மூன்றாவது வர்ணத்தை அக்கட்டம் ஏற்கவில்லை. அவர் தாளில் கட்டங்களைக் கீறி, புள்ளிகளை எண்ணி, மீசையைச் சற்று மேலே உயர்த்திய பின்னரே முகம் சீரானது. பன்பாய் இழைப்பவர் சாயப் பன் எந்த இடத்தில் வரவேண்டும் என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்வதைப் போன்ற இந்தத் திட்டமிடலை, வரம்பற்ற வர்ணங்களைத் தரும் இன்றைய மென்பொருள் தானாகக் கற்பிப்பதில்லை.

அதே ஆண்டில் வந்த கொமடோர் 64இல் 16 வர்ணங்கள் உண்டு. மண்ணிறமும் மூன்று சாம்பல் நிறங்களும் இருப்பதால் முகத்தின் நிழலைக் காட்ட அது மிகவும் உகந்தது. எனினும், ஒரு கட்டத்தில் நான்கு வர்ணங்களை அனுமதிக்கும் அதன் பலவர்ண முறையில் கிடையாகப் புள்ளிகள் 160 ஆகக் குறைந்து, ஒவ்வொரு புள்ளியும் இருமடங்கு அகலமாகிவிடுவதால், நுண்ணிய கோடுகள் சிதைகின்றன.

1985இல் நியூயோர்க்கில் நடந்த அறிமுக நிகழ்வில் அமெரிக்க ஓவியர் அண்டி வார்ஹோல் மேடையிலேயே படம் வரைந்து காட்டிய அமிகா, வசதியில் இவ்விரண்டையும் விஞ்சியது. 4096 வர்ணங்களிலிருந்து 32ஐ மாணவரே தெரிந்தெடுத்து, கட்டத் தடையின்றித் திரையெங்கும் பயன்படுத்தலாம். எமுலேட்டரில் அமிகாவை இயக்கத் தேவையான அதன் அடிப்படை மென்பொருளான கிக்ஸ்டார்ட்டுக்கு உரிய அனுமதி பெறவேண்டும் என்பதைக் கற்பிப்போர் முன்னரே கவனிப்பது நல்லது. அமிகாவை நான் இரண்டாம் தவணைக்கே வைப்பேன். வர்ணங்களைச் சுழற்றும் அதன் உத்தியால், வரைந்த ஒரு புள்ளியையும் மாற்றாமல், நீல நிறங்களை வரிசையாக இடம்மாற்றியே மட்டக்களப்பு வாவியின் நீரை அசையச் செய்யலாம்.