12 மாதச் சந்தா அப்படியே போச்சு: கம்பியில்லா பிராட்பேண்ட் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

"பணம் திரும்பத் தர இயலாது." இன்று காலை கடைசிப் பதிலும் வந்துவிட்டது. 12 மாதச் சந்தா, அதற்கு மேல் ரவுட்டர் விலை, இரண்டும் முன்கூட்டியே கட்டியது. நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. கேபிள் இழுக்காமல் மொபைல் டவரிலிருந்தே வீட்டுக்கு இணையம் தருகிற வகை, அது போதும். வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

விற்க வந்தவர் முதலில் கவரேஜ் வரைபடத்தைக் காட்டினார். எங்கள் பகுதி முழுக்க அடர்ந்த நிறம். அப்புறம் பால்கனியில் நின்று தன் மொபைலில் ஸ்பீடு டெஸ்ட் போட்டார். முள் 300 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டி ஓடியது. "ரவுட்டர் ஆன்டெனா இதைவிடப் பெரிசு சார், இன்னும் நல்லாவே வரும்" என்றார். கண்ணெதிரே ஓடுகிற எண்ணை யார்தான் நம்பமாட்டார்கள்? மாதாமாதம் கட்டுகிறேனே என்றேன். வருடத்துக்குக் கட்டினால்தான் ரவுட்டருக்குத் தள்ளுபடியாம். கட்டினேன்.

அவர் நின்ற இடம் பால்கனி, நேரம் மத்தியானம். இரண்டும் தற்செயல் என்று இப்போது தோன்றவில்லை. 3.5 கிகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசை திறந்த வெளியில் அருமையாக வரும். கான்கிரீட் சுவரோ, வெப்பம் தடுக்க உலோகப் பூச்சு பூசிய ஜன்னல் கண்ணாடியோ குறுக்கே வந்தால் துவண்டுவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டி உள்ளே வரும், ஆனால் அதில் தரவு போகிற பாதையின் அகலம் குறைவு, அந்த வேகம் கிடைக்காது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். டவரிலிருந்து வந்து சேரும் சிக்னலின் சக்தியை ஆர்எஸ்ஆர்பி என்று டிபிஎம் அளவில் காட்டும், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம். பால்கனியில் அது மைனஸ் 85 டிபிஎம், கூடத்தில் மைனஸ் 112. இந்த 27 டெசிபல் வித்தியாசத்தில் சிக்னலின் சக்தி ஏறக்குறைய 500 மடங்கு குறைகிறது. முகப்பில் '5ஜி' விளக்கு மட்டும் ஜம்பமாக எரிந்துகொண்டிருந்தது.

சரி, ரவுட்டரையே பால்கனியில் வைத்தேன். பகலில் ஓடியது. இரவானால் வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். சிக்னல் அதே மைனஸ் 85தான். பிரச்சினை நெரிசல்: டவரின் ஒரு செக்டாரில், அதாவது அது ஒரு திசையில் பார்க்கும் பகுதியில், உள்ள கொள்ளளவை அங்கிருக்கிற எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு, நெரிசல் நேரத்தில் மொபைல்காரர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, மிச்சத்தை வீட்டு இணையத்துக்குத் தருகிற திட்டங்களும் உண்டு. இதையெல்லாம் விற்கும்போது ஒருவரும் சொல்வதில்லை.

கஸ்டமர் கேரை அழைத்தால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." மறுபடி அழைத்தால் "சிக்னல் ரீஃப்ரெஷ் பண்ணியிருக்கோம், 24 மணி நேரம் பாருங்க." ஆளே வராமல் புகார் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரும். ஒருவர் ஒருபடி மேலே போய், "மேப்ல உங்க இடம் நல்ல கவரேஜ்லதானே இருக்கு" என்றார், வீட்டுக்குள் உட்கார்ந்து தவிக்கிற என்னிடம்! அந்த வரைபடம் பெரும்பாலும் கணினி போட்ட கணிப்பு. வீடு வீடாக யாரும் அளக்கவில்லை.

இப்படிப் பொறு, பொறு என்று சொல்லியே திருப்பித் தரும் கெடுவைத் தாண்ட வைத்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமே அதில்தான். கெடு முடிந்ததும் குரலே மாறிவிட்டது: "ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம்னு எதுவும் இல்லையே சார்." 12 மாதச் சந்தாவைச் சுளையாக வாங்கிக்கொண்டு சொல்கிற பேச்சு இது.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. அதே நிறுவனத்தின் சிம்மை மொபைலில் போட்டு, ரவுட்டர் வைக்கப்போகும் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, இரவில் சோதியுங்கள். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். திருப்பித் தரும் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் புகாரோடு சேர்த்தே ரத்து மனுவையும் கொடுத்துவிடுங்கள், 24 மணி நேரக் கதையெல்லாம் கேட்காதீர்கள். ரவுட்டர் அவர்களுடைய சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்றும் கேளுங்கள். என்னுடையது பூட்டியது, வேறு சிம்மை ஏற்கவே மாட்டேன் என்கிறது. 12 மாதச் சந்தாவோடு அந்தக் காசும் போச்சு.